காலி விமானத்தின் கனம்

விமானம் காலியாகத்தான் திரும்பி வந்திருந்தது. ஆனால் காலி விமானம் நிற்கிற மாதிரி அது நிற்கவில்லை.

முன்சக்கரத்துக்கு மேலே, இரும்புக் காலுக்குள் ஏறி இறங்குகிற பளபளப்பான தண்டு ஒன்று உண்டு. உள்ளே ஆளில்லை, டாங்கியில் எரிபொருள் இல்லை என்றால் அந்தத் தண்டு நாலு விரல் அகலத்துக்கு வெளியே தெரியும். ஆளும் பெட்டியும் ஏற ஏற உள்ளே அமுங்கும். நெஸ்தோர் வில்லலோங்கா இதற்கெல்லாம் அளவுகோல் தேடுவதில்லை. குனிந்து கையை வைத்துப் பார்ப்பான், அவ்வளவுதான். இந்த ஜெட்டை நிர்வகிக்க ஆரம்பித்த நாளிலிருந்து வருகிற பழக்கம். இன்றைக்கும் வண்டியால் இழுத்து ஹேங்கர் கொட்டகைக்குள் நிறுத்தியதும் குனிந்தான். நாலு விரல் போகவில்லை. இரண்டுதான் போனது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். இரண்டுதான்.

'காத்து இறங்கியிருக்கும்' என்று நினைத்துக்கொண்டான். காலுக்குள் அடைத்திருக்கிற வாயு சில சமயம் கசியும், பெரிய விஷயமில்லை. சிலிண்டரை உருட்டிவந்து குழாயை மாட்டித் திருகினான். தண்டு ஏறியது. மூன்று விரல், நாலு விரல். திருகை மூடிவிட்டு நிமிர்வதற்குள், அவன் கண்ணெதிரிலேயே, அது மெதுவாக இறங்கியது. கசிவென்றால் சீறும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லை. களைத்துப்போன ஒருத்தர் நாற்காலியில் உட்காருகிற மாதிரி, ஒரு நிதானத்தோடு இறங்கி, இரண்டு விரலில் நின்றது.

விரலைப் பேண்ட்டில் துடைக்கப் போனவனுக்கு அப்போதுதான் நாற்றம் தட்டியது. நண்டுப் பொறியில் இரைக்கு வைத்த கோழித் தோலை வெயிலில் மறந்துவிட்டால் ஒரு நாற்றம் வருமே, அது. அதோடு கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சேறு. தூ, என்று ஹேங்கர் வாசலுக்கு வந்து துப்பினான்.

வெளியே மதியம்தான். ஆனால் வானம் பழைய காயத்தின் ஓரம் போல மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. புயல் தெற்கே தீவுகளையெல்லாம் வாரிச் சுருட்டிவிட்டு ஃபுளோரிடா கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு விமான நிலையத்தை மூடப்போகிறார்கள். பக்கத்து ஹேங்கர்களில் ஒரு ஜெட்கூட மிச்சமில்லை. ஹார்லன் பெக்வித்தின் இந்த ஜெட் ஒன்றுதான் பாக்கி.

பெக்வித் முதியோர் இல்லங்கள் நடத்திப் பணக்காரர் ஆனவர். ஜெட் வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்று புரிந்தபோது, தான் பறக்காத நாட்களில் அதை வாடகைக்கு, அதாவது சார்ட்டருக்கு, விடச் சொன்னார். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் தன் இருக்கையில் உட்காருவதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும். அதனால் ஒவ்வொரு சார்ட்டருக்கு முன்னும் நெஸ்தோர் அவருடைய செருப்பு, போர்வை, கோப்பை, குடும்பப் படம் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் பூட்டி, அவர் இருக்கைக்கு உறை மாட்டுவான். திரும்பியதும் உறையைக் கழற்றி, துடைத்து, அவருடைய வாசனைத் தண்ணீரைத் தெளித்து, செருப்பை அதே கோணத்தில் வைப்பான். உள்ளே வேறு மனுஷனே மூச்சு விடாத மாதிரி இருக்க வேண்டும். அந்தச் செருப்பைத் தொடும்போதெல்லாம் அதன் உள்பக்கத்து அழுக்குப் பிசுபிசுப்பு அவன் விரலில் ஒட்டும். பத்து வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் கைமாறாக அவனுக்கு ஒரே ஒரு சலுகை. வேலைக்கு எடுத்த அன்றைக்கே பெக்வித் தோளில் தட்டிச் சொன்னார்: "பெரிய புயல் வந்தா உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் என் ஜெட்ல இடம் உண்டு, நெஸ்தோ." இதுவரை அது தேவைப்படவில்லை. இந்த வருஷம் தேவைப்பட்டது. அவன் மனைவி இலியானாவுக்கு ஏழாம் மாதம். கால்வாய் ஓரத்தில் இருந்த அவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வடக்கே போகிற நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நிற்கின்றன. பள்ளிக்கூட முகாமில் தரைகூட மிச்சமில்லை. பிரசவம் முன்கூட்டியே வரலாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தாள். டென்னசியில் இலியானாவின் அக்கா காத்திருந்தாள். காலையிலேயே பெட்டியோடு வந்து ஹேங்கர் அலுவலகத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் இலியானா, வீங்கிய பாதங்களைக் காலி எண்ணெய் டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு.

"தம்பி, கொஞ்சம் மேல வாங்க," என்று விமானத்தின் படியிலிருந்து கூப்பிட்டாள் யோலெட். உள்ளே சுத்தம் செய்கிறவள். ஹெயிட்டிக்காரி, அவனைவிடப் பத்து வயசு மூத்தவள், எதற்கும் முகம் சுளிக்காதவள். பணக்காரப் பிள்ளைகள் கம்பளத்தில் எடுத்த வாந்தியைக்கூடப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துடைப்பவள். இன்றைக்கு அவள் மூக்கைத் துணியால் கட்டியிருந்தாள்.

"என்னக்கா?"

"தொட்டுப் பாருங்க."

பாலேடு நிறத்தில் எட்டுத் தோல் இருக்கைகள். முதல் இருக்கையில் கையை வைத்தான். ஈரம். அழுத்தியபோது தையலிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து அவன் நகக்கண்ணில் ஏறியது. இரண்டாவது இருக்கையிலும் அதேதான். எட்டிலும்.

"மூணு தடவை துடைச்சிட்டேன். துடைச்சு நிமிர்றதுக்குள்ள மறுபடி ஊறுது. மேல எங்கயும் ஒழுகல, நான் பார்த்துட்டேன். கீழருந்து ஊறுது."

"ஏசி குழாய்ல தண்ணி நின்னிருக்கும்."

"ஏசி தண்ணி இப்படியா நாறும்? போங்க தம்பி." அவள் கடைசியில் இருந்த கழிவறையைக் காட்டினாள். "அங்க பாருங்க. அந்த பெல்ட்டை நான் இறுக்கி வெச்சேன். யாரு இவ்வளவு தளர்த்தினது?"

இந்த மாதிரி ஜெட்களில் கழிவறை மூடிக்கு மேல் மெத்தை வைத்து, பெல்ட்டும் போட்டிருப்பார்கள். ஆள் அதிகமானால் அதுவும் ஒரு இருக்கை. புறப்படும்போது அங்கேயும் ஒருத்தர் உட்காரலாம், சட்டம் அனுமதிக்கிறது. அந்த பெல்ட் மெத்தையின் குறுக்கே பூட்டியபடி கிடந்தது. ஆனால் மெத்தையோடு படியவில்லை. நாடா கடைசிவரை இழுபட்டு, முன்னால் ஒரு பெரிய வளைவாக, எதையோ சுற்றி நிற்கிற மாதிரி நின்றது. ஒரு பானையைச் சுற்றிப் பூட்டினால் அப்படி நிற்கும்.

நெஸ்தோர் பெல்ட்டை அழுத்தினான். அது கீழே போக மறுத்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"இதையும் பாருங்க," என்றாள் யோலெட். கதவு ஓரத்து ரப்பரில் சிக்கியிருந்தது என்று காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைப் பிரித்தாள். ஒரு நகம். முழு நகம், வேரோடு. ஊதாச் சாயம் பூசியது. அடியில் காய்ந்த சதை கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அவன் அதை மறுபடி மடித்துக் கையில் வாங்கிக்கொண்டான்.

"நான் கிளம்பறேன்," என்றாள் யோலெட். "என் பையன் கார் வெச்சிட்டு வெளிய நிக்கிறான். கூலியைப் பிறகு பார்த்துக்கலாம். உங்க வீட்டுக்காரியையும் இதுல ஏத்தாதீங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

"உங்க கார்ல இடம் இருக்கா?"

அவள் அவனைப் பார்க்காமல் துடைப்பங்களை அள்ளினாள். "ஏழு பேர் இருக்கோம் தம்பி. டிக்கில ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்."

கேப்டன் ஹோல்காம் ஹேங்கரின் பின்பக்கம் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் வண்டி நிற்கிற இடத்தில் சிகரெட்! இருபது வருஷம் விமானம் ஓட்டியவர் செய்கிற காரியமா? நெஸ்தோர் அந்தக் காகிதத்தை அவர் முன் பிரித்து நீட்டினான். அவர் ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

"தீவுல என்ன நடந்துச்சு கேப்டன்?"

"சார்ட்டர்தானே. ஏத்தினோம், இறக்கினோம்."

"யாரை ஏத்தினீங்க?"

"யாரையும் இல்ல. கிளிங்களை." ஹோல்காம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அந்த வாடிக்கையாளருக்குத் தீவுல ஒரு பங்களா. புயல் வர்றதுக்கு முன்னாடி அங்க இருக்கிற அவரோட கிளிங்களையும் ஒயினையும் எடுத்துட்டு வரணும்னு சார்ட்டர் போட்டார். நீதானே புக் பண்ணின? எட்டு சீட்லயும் கூண்டு. அந்த ஓடுபாதை கடல் மட்டத்துக்கு ஒரு சாண் உசரம்தான் இருக்கும். படகெல்லாம் நின்னுபோச்சு. ஊரே அங்க வந்து நின்னுச்சு, நெஸ்தோ. கிழவன், குழந்தை, எல்லாம். சத்தம்கூடப் போடல. சும்மா பார்த்துட்டு நின்னாங்க."

"அப்புறம்?"

"படியைத் தூக்கறப்ப ஒரு பொம்பளை ஓடி வந்துட்டா. பெரிய வயிறு. உன் வீட்டுக்காரி மாதிரியே. 'ஒரு கை குடுங்க, நான் தரையில உட்கார்ந்துக்கறேன், ஒரு கை குடுங்க போதும்'னா. கதவுல கையை வெச்சிட்டா. எடும்மான்னேன். எடுக்கல." சிகரெட்டை ஷூவால் நசுக்கினார். நசுக்கிக்கொண்டே இருந்தார். "கிளிங்களை அவர் ஊர்ல இறக்கிட்டு ராத்திரி அங்கயே தங்கினோம். காலையில டிவியில பார்த்தேன். ஓடுபாதையே இல்ல. எல்லாம் கடல்."

"விமானம் கனமா நிக்குது, கேப்டன். காலியா இருக்கு, ஆனா ஆளுங்க இருக்கிற கனம்."

"தெரியும்," என்றார் ஹோல்காம். "இன்னிக்கு அங்கருந்து காலியா கிளப்பறப்பவே கையில தெரிஞ்சுது. திரும்பி உள்ள பார்க்கல நான். நீயும் பார்க்காத. வாயை மூடிக்கிட்டு டாங்கியை ரொப்பு."

நெஸ்தோர் அலுவலகத்துக்குப் போனான். இலியானா பொரித்த குரோக்கெட்டா உருண்டை ஒன்றைக் கடித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். வெளியே ஹேங்கரின் தகரச் சுவரைக் காற்று பிடித்து உலுக்கியது. கூரை ஆணிகள் முனகின. அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். சொல்லி என்ன செய்வது? சாலை இல்லை, முகாம் இல்லை. பறக்கிறதுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

"ஒண்ணுமில்ல. உள்ள கொஞ்சம் நாத்தம். மூக்கைப் பொத்திக்க."

"உன் முதலாளி செருப்பை விடவா?" என்று அவள் சிரித்தாள்.

எட்டு இருக்கைகளின் ஈரமும் தெரியாமல் தடித்த உறைகளை மாட்டினான். மூன்று மணி தாண்டி பெக்வித்தின் கறுப்புக் கார் நேராக ஹேங்கருக்குள்ளேயே வந்து நின்றது. முதலில் இறங்கியவை நாய்கள். தோலெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் நாலு மலைமாடுகள். வாயோரம் கயிறு கயிறாக எச்சில். அப்புறம் ஒயின் பெட்டிகள், துணி சுற்றிய ஓவியம், ஐஸில் புதைத்த நண்டுக் கால்கள். கடைசியில் பெக்வித், ஒரு நண்டுக் காலை உறிஞ்சியபடியே. அவர் மனைவி லொரெட்டா யாரையும் பார்க்காமல் நின்றாள். கார் ரேடியோவில் ஏதோ முதியோர் இல்லத்துக்கு இன்னும் பஸ் வரவில்லை என்று ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான். பெக்வித் அதை அணைத்தார்.

"நாய்ங்களுக்கு ஆளுக்கு ஒரு சீட்," என்றார். "தரையில உட்கார வெச்சா பயந்துக்கும். ஓவியத்துக்கு ஒண்ணு, பெட்டிங்களுக்கு ஒண்ணு. நாங்க ரெண்டு பேர். கணக்கு சரியா இருக்குல்ல?"

"சார், எனக்கும் இலியானாவுக்கும் இடம் சொல்லியிருந்தீங்க."

"சொன்னேனா?" நண்டு ஓட்டை ஹேங்கர் தரையில் துப்பினார். "சொல்லியிருப்பேன். நீ இங்க இருந்து ஹேங்கரைப் பார்த்துக்க, புது ஹேங்கர், எந்தப் புயலையும் தாங்கும். அவளைக் கூட்டிட்டுப் போறேன். பின்னால பெல்ட் வெச்ச சீட் ஒண்ணு இருக்கே."

அது எது என்று எல்லோருக்கும் புரிய ஒரு நொடி ஆனது. இலியானாவின் கழுத்தெல்லாம் சிவந்தது.

"ஹார்லன், வயித்துப் பிள்ளைக்காரியைக் கக்கூஸ்லயா?" என்றாள் லொரெட்டா.

"சட்டப்படி அது சீட்டுதான். நாத்தமா அடிக்குது? நெஸ்தோ, சென்ட் போடலையா நீ?"

நெஸ்தோரின் கை முஷ்டியாயிற்று. அந்த எண்ணெய் வழிகிற வாயில் ஒன்று போட்டால் என்ன? போடவில்லை. குனிந்து இலியானாவின் பெட்டியைத்தான் தூக்கினான். தன்மேலேயே அவனுக்குக் குமட்டியது, அந்த நாற்றத்தைவிட அதிகமாக.

அவளைக் கழிவறையில் உட்கார வைத்தபோது அந்த பெல்ட்டைச் சுருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏற்கெனவே அளவெடுத்து வைத்த மாதிரி அவள் வயிற்றைச் சுற்றிச் சரியாகப் பொருந்தியது.

"மெத்தை ஈரமா இருக்கு, நெஸ்தோ," என்றாள் மெல்ல.

"ரெண்டு மணி நேரம். கண்ணை மூடிக்க. டென்னசி வந்துரும்."

"யாரோ பக்கத்துல மூச்சு விடற மாதிரி இருக்கு."

"நாய்ங்க," என்றான். அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினான்.

விமானத்தை வெளியே இழுத்து நிறுத்தினான். மழை பக்கவாட்டில் அடித்தது. பெக்வித்துக்குப் பிடித்தமாதிரி எல்லா ஜன்னல் திரைகளும் இறங்கியிருந்தன. படி மேலே எழுந்து கதவு மூடியது. வலது இன்ஜின் ஊளையிட ஆரம்பித்தது. சக்கரக் கட்டையை எடுக்கக் குனிந்தவன், பழக்கத்தில், தண்டில் கையை வைத்தான்.

ஒரு விரல்கூடப் போகவில்லை.

இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தது. நாய், ஒயின், எரிபொருள் எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு கனம் வராது. விமானத்தின் வயிற்றடியில் இருக்கும் வடிகுழாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. நிற்காமல் ஒழுகியது. அதில் முடி வந்தது. நீளமான முடி, கொத்தாக. பாசி பிடித்த ஒரு குழந்தைச் செருப்பின் வார் வந்து, குழாயில் மாட்டி, ஆடியது.

இது எழும்பாது. நனைந்த பாதையில், இந்தக் கனத்தோடு, கடலைப் பார்த்து ஓடி, எழும்பாது.

அவன் விமானியறைக்குக் கீழே போய் நின்று இரண்டு கையையும் குறுக்கே வைத்து ஆட்டினான். நிறுத்து! ஹோல்காம் அவனைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டு, கட்டையை எடு என்று கட்டை விரலால் காட்டினார்.

இடது இன்ஜின் இன்னும் கிளம்பவில்லை. அதற்கு முன்னால் பெட்டிகள் ஏற்றுகிற கதவு இருந்தது. உள்ளே பெட்டி அறை. அதன் முன்சுவரில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் கழிவறை. இந்த வழி அவனுக்குத்தான் தெரியும். ஏணியைச் சாய்த்து ஏறினான். பெட்டிக் கதவைத் திறந்து உள்ளே ஊர்ந்தான். கும்மிருட்டு. கை வைத்த இடமெல்லாம் சொதசொதவென்றிருந்தது. நாற்றம் மூக்கிலிருந்து தொண்டைக்குள் இறங்கி நாக்கில் படிந்தது. நாய்கள் வெறிபிடித்துக் குரைத்தன.

சின்னக் கதவைத் தள்ளினான். ஒரு சாண்தான் திறந்தது.

"இலியானா! கை குடு!"

கை வந்தது. ஐஸ் மாதிரி இருந்தது. பயந்துபோயிருக்கிறாள், பாவம்.

"வா. வந்துடு. இது வேண்டாம் நமக்கு."

இழுத்தான். கனமாக இருந்தாள், இரண்டு உயிர் அல்லவா? வயிறு கதவில் உரசிக்கொண்டு வந்தது. தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் தலையோடு போர்த்தி, முன்னால் இறங்கி, கையை விடாமல் ஏணியில் இறக்கினான். ஏணி முனகியது. அவள் இறங்கிய பிறகும் முனகியது. மறுபடி. மறுபடி. காற்று, என்று நினைத்தான். ஒற்றைக் கையால் கதவை அறைந்து மூடினான். ஏணியையும் கட்டையையும் காலால் எத்தித் தள்ளிவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு ஹேங்கரை நோக்கி ஓடினான்.

"ஹேங்கர் தாங்கும். நாம ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கலாம். அந்த ஆள் மூஞ்சியிலயே இனி முழிக்க வேண்டாம். சரியா?"

அவள் விரலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஹேங்கருக்குள் வந்து கதவுப் பொத்தானை அழுத்தினான். பெரிய கதவு இரண்டு பக்கமிருந்தும் மெதுவாக நெருங்கியது. இடைவெளியில் விமானம் நகர்வது தெரிந்தது. பழக்கம், அந்தப் பாழாய்ப்போன பழக்கம்: கண் தானாக முன்சக்கரத்துக்குப் போனது.

தண்டு பளபளவென்று வெளியே நின்றது. நாய், ஒயின், எரிபொருளுக்கு உரிய கனம் மட்டும்.

மற்ற கனமெல்லாம் இறங்கிவிட்டிருந்தது.

அப்போது நடுவிலிருந்த ஜன்னலில் திரை உயர்ந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு நாயின் மோவாய் தெரிந்தது. அதன் பக்கத்தில், லொரெட்டாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, நல்ல இருக்கையில், இலியானா. அவனைத் தேடினாள். கண்டுபிடித்தாள். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

பிறகு அவள் பார்வை அவன் பக்கத்துக்குப் போனது. அவனுக்குப் பின்னால் போனது. சிரிப்பு நின்றது. ஆட்டிய கை அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வாய் திறந்தது.

கதவு மூடியது.

தூரத்தில் இன்ஜின் சத்தம் உயர்ந்தது, எழும்பியது, மேகத்துக்குள் போனது. லேசாகப் போனது. போய்விட்டாள். தப்பித்துவிட்டாள்.

விளக்குகள் ஒரு தடவை இமைத்து அணைந்தன.

இருட்டில் சொட்டுச் சத்தம். அவனுக்குப் பின்னால். இடது பக்கம். வலது பக்கம். சுவர் ஓரம் முழுக்க. வெறுங்கால்கள் ஈரத் தரையில் மெல்ல இடம் மாற்றிக்கொள்கிற சத்தம். ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சியது. யாரும் பேசவில்லை. சும்மா நின்றார்கள். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து அவன் ஷூவைத் தொட்டது.

கையை உருவப் பார்த்தான். முடியவில்லை. பிடித்திருந்த விரல்களில் ஒன்றில் நகம் இல்லை. அந்த இடம் வழவழவென்று அவன் உள்ளங்கையில் பட்டது.

அவள் அவன் கையைத் தூக்கினாள். அவசரமே இல்லாமல், பாசத்தோடு, தன் வயிற்றின்மேல் கொண்டுபோய் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஜில்லென்று இருந்தது. ஊறிய மாவு போலக் கை உள்ளே புதைந்தது.

உள்ளே அசைந்தது. ஒன்றல்ல. சின்னச் சின்னதாக, நண்டு மாதிரி ஓடுகளும் கால்களுமாக, நிறைய. அவன் கைச்சூட்டைத் தேடி எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.